பொழிமுகத்தில் புதைத்த மட்டைகள்

வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்று தொடங்கும் பேச்சை நான் எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யும் சின்னப் பிரிவில் ஸ்டெனோவாக இருந்தேன். மந்திரி மாறுவார், செயலாளர் மாறுவார், பேச்சு மட்டும் மாறாது. முதல் பத்தியில் சுதந்திரம், இரண்டாவதில் சகோதரத்துவம், மூன்றாவதில் தேங்காய். அந்தப் பேச்சை நான் நம்பினேன் என்று சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்? எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் நம்புவதற்கென்று வைத்திருந்த மற்ற விஷயங்கள் எனக்கு அலுத்துப்போயிருந்தன.

திட்டம் மத்திய அரசுடையது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் அதிகாரிகளுக்கு நாங்கள் கயிற்றுத் தொழில் சொல்லித்தர வேண்டும். காலம் ஆறு மாதம். பணக்கார நாடுகளிடம் கையேந்தி நிற்காமல், நமக்குத் தெரிந்ததை நமக்குள்ளேயே பகிர்ந்துகொள்வது என்பது அதன் தத்துவம். நல்ல தத்துவம்தான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

அந்த வருஷம் வந்தவர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்த ஒரு நாட்டின் கூட்டுறவு அதிகாரி. நாற்பது வயதிருக்கும். உட்காரும்போது கைக்குட்டையை விரித்து முழங்கால் மேல் போட்டுக்கொள்வார், அதைப் பார்த்து எங்கள் ஆபீசில் ஆளுக்காள் சிரித்தார்கள். அவருடைய ஊர்ப்பக்கம் முழுக்கத் தென்னை. தேங்காய் மட்டையை அடுப்பில் எரிப்பார்களாம், மிச்சத்தைக் கடலில் எறிவார்களாம். அதிலிருந்து நாரெடுத்துக் கயிறு திரித்தால் ஊர்ப் பெண்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று பல வருஷம் மேலிடத்தை நச்சரித்து, ஒரு கயிற்று நிலையத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு வந்திருந்தார். திரும்பிப்போனதும் அதை நடத்த வேண்டியவர் அவர்தான். அவர் வார்த்தையை நம்பி மட்டையைக் கொண்டுவந்து கொட்டப்போவது அவர் பிறந்த கிராமம்.

"வேறு ஊராக இருந்தால், தோற்றுப்போனால் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம், மிஸ்," என்று ஒருநாள் தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "இது என் அம்மா இருக்கிற ஊர்."

தொடக்க விழாவுக்கு ஊர் கூடித் தேர் இழுத்தோம். நிலவிளக்கு, இரண்டு கொடிகள், டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர். 'ஒரே கடல்தான் நம் இரு கரைகளையும் கழுவுகிறது' என்று நான் அடித்துக்கொடுத்த வரியை மந்திரி படித்தபோது, கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்கும்தான்.

முதல் மாதம் பயிற்சி மையத்தில் வகுப்பிலேயே கழிந்தது. கண்ணாடி ஜாடியில் நார் மாதிரிகள், கரும்பலகையில் ஏற்றுமதித் தரம், இங்கிலீஷில் குறிப்புகள். இரண்டாவது மாதம் அவர் மட்டை ஊறப்போடும் காயலைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மலையாளம்தான் தெரியும். நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் நழுவிவிட்டதால், மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஜீப்பில் போவோம். இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் கழக்கூட்டத்தில் அன்று நாலைந்து கடைகள்தான். அதைத் தாண்டி மேற்கே இறங்கினால் காயல்.

அழுகின முட்டையை ஊர் முழுக்க உடைத்துப்போட்ட மாதிரி இருக்கும் அந்த நாற்றம். புடவையில் ஏறினால் இறங்காது. முதல் நாள் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள்ளேயே அம்மா கத்தினாள்: "என்னடீ இது நாத்தம்! அடுக்களைப் பக்கம் வந்துடாதே, நேரே கெணத்தடிக்குப் போ!" சர்க்கார் வேலை என்றால் ஃபேன் அடியில் உட்காருவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

காயலில் பெண்களுக்குத் தலைவியாக ஒரு சேச்சி இருந்தாள். ஐம்பது வயது, பாதி நாள் இடுப்பளவு தண்ணீரிலேயே நிற்பவள். பச்சை மட்டையை வலையில் கட்டி, தண்ணீருக்கடியில் சேறு போட்டு அமுக்கிவைப்பார்கள். வேலியேற்றத்தில், கடல் ஏறும் நேரத்தில், தண்ணீர் வந்து வந்து போகும். மட்டையின் சதை அழுகி நார் தளர்ந்ததும் வெளியே எடுத்துக் கட்டையால் அடித்தால் நார் பொன் மாதிரி பிரிந்து வரும். மட்டையை அங்கே தொண்டு என்பார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டு போகப்போகிறார் என்று நான் சொன்னதும் சேச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆறு மாசமோ? ஆரு மோளே சொன்னது? வயற்றில கிடக்கிற குஞ்ஞும் வெள்ளத்தில கிடக்கிற தொண்டும் ஒண்ணுதான். பத்து மாசம் ஆவணும்."

வயிற்றுப் பிள்ளைக்கும் தண்ணீரில் கிடக்கும் மட்டைக்கும் ஒரே கணக்குதானாம் என்று மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார். வேறு குழிகளில் ஏற்கனவே ஊறி முடிந்த மட்டைகளை எடுப்பதைப் பார்த்தால் போதுமே என்றுதான் நான் நினைத்தேன். மையத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவர் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்பினார். பிறகு கேட்டார்: "இதை விட உப்பான இடத்தில் யாராவது போடுகிறார்களா?"

காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தில் யாரும் போடுவதில்லை என்றாள் சேச்சி. ஏன் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா போட்டதில்லை, அதனால் அவளும் போட்டதில்லை. அவருடைய முகம் மாறியது. அவருடைய கிராமத்தில் காயல் கிடையாது. கடல் நேராக உள்ளே புகுந்து வரும் ஓர் உப்பங்கழிதான் உண்டு, அதுவும் பொழிமுகம் மாதிரியே உப்பு. அங்கே மட்டை ஊறுமா, ஊறாதா? ஊறினால் எத்தனை மாதம்? பயிற்சி மையத்தின் புத்தகங்களில் தேடினோம். அவருடைய தண்ணீரைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் அவர் கால்சட்டையை மடித்துவிட்டுத் தானே இறங்கினார். மூன்று கட்டு மட்டை. ஒன்று தண்ணீர் கிட்டத்தட்ட இனிக்கும் கிழக்கு மூலையில், ஒன்று பெண்களின் குழிகளுக்கு நடுவில், ஒன்று பொழிமுகத்தில். "ஈ சாரு வட்டனாணு," என்று பெண்கள் கேலி செய்தார்கள். இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே புரிந்திருக்கும். மத்தியானம் சேச்சியின் வீட்டில் கஞ்சி. அங்கே தேங்காய் துருவும் சிரவையைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஊரிலும் இதே சாமான்தான், அதை அவர்கள் பாஷையில் ஆட்டுக்கு உள்ள பெயராலேயே கூப்பிடுவார்களாம். சேச்சி முறத்தில் தேங்காயை நீட்ட, அவர் துருவிக்கொடுத்தார். நான் டைப் அடித்த சகோதரத்துவத்தை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு மட்டும்தான்.

ஆக, பத்து மாதம் கழித்து அந்த மூன்று கட்டுகளையும் எடுத்துப் பார்க்கும்போது அவர் இங்கே இருக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்ததோ நான்கு மாதம். இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, மறுநாள் காலை என் மேசைக்குக் கொண்டுவந்தார். கையால் எழுதியது, எங்கள் செயலாளர் பெயருக்கு. மூன்று கட்டு, மூன்று தண்ணீர், தன் ஊர்க் கழி, எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருந்தார்.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அலுவலக நடைமுறைத் தேர்வில் அந்த வருஷம்தான் பாஸ் செய்திருந்தேன், முதல் தடவையிலேயே. வெளிநாட்டு அரசு ஊழியர் ஒருவர் மாநிலச் செயலாளருக்கு நேரடியாக எழுதுவதாவது! முறையான வழி என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் தூதரகம் மூலமாக உங்கள் அரசுக்குப் போய், அவர்கள் டெல்லிக்கு எழுதி, டெல்லி எங்களுக்கு எழுத வேண்டும் என்று விளக்கினேன். நானே அதை முறைப்படி டைப் அடித்து, மூன்று நகல் எடுத்து, நூல் கோர்த்துக் கொடுத்தேன். கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. "எங்கள் ஊரிலும் இதே முறைதான். தப்பு என்னுடையது," என்று வருத்தம் தெரிவித்தார். அவரும் என்னைப் போல நல்ல அரசு ஊழியர். இரண்டு நாட்டுக்கும் ஒரே வெள்ளைக்காரன்தான் ஆபீஸ் நடத்தக் கற்றுக்கொடுத்திருந்தான். அதே நூல், அதே டேக், அதே 'தங்கள் கீழ்ப்படிந்த'. மட்டையைப் பற்றி எங்களுக்குள் ஆயிரம் சந்தேகம் இருந்தது, கோப்பைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டே அந்தக் காரியத்தைக் குழிதோண்டிப் புதைத்தோம்.

பிறகு அது யானை வாயில் போன கரும்புதான். திங்கட்கிழமை தோறும் என் மேசைக்கு வருவார். கேட்கமாட்டார். கைக்குட்டையை முழங்காலில் விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "இன்னும் வரவில்லை" என்பேன். "வரும், வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். தூதரகம் அவருடைய தலைநகருக்கு அனுப்பியது. அங்கே அவருடைய அமைச்சகம், பயிற்சி நீடித்தால் நிலையத்தின் திறப்பு விழா தள்ளிப்போகுமே என்று யோசித்தது. யோசித்து முடித்து டெல்லிக்கு எழுதியது. மாநிலத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று டெல்லி எங்களைக் கேட்டபோது அவருக்கு மூன்று வாரம் மிச்சம். பயிற்சி மையத்தின் கருத்தைக் கேட்டு எழுதலாம் என்று கோப்பில் குறிப்பு விழுந்தது. பாடத்திட்டம் முழுவதும் முடிந்துவிட்டது, நீட்டிக்க அவசியமில்லை என்று மையம் பதில் எழுதியது. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. பாடத்திட்டத்தில் பொழிமுகம் கிடையாது.

வழியனுப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி, பரிசாக ஒரு கயிற்று மிதியடி கொடுத்தார்கள். அதில் 'நல்வரவு' என்று இங்கிலீஷில் நெய்திருந்தது. போகிறவருக்கு நல்வரவு. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

வடை சாப்பிட்டுக்கொண்டே சூப்பரின்டென்டென்ட் என் பக்கம் வந்தார். கரமனைக்காரர், எங்கள் மனுஷர்தான், வீட்டுத் தமிழில்தான் என்னோடு பேசுவார்.

"பாவம், நல்ல மனுஷன் கேட்டயோ. அந்தக் கடுதாசியை அன்னைக்கே என் கையிலே தந்திருந்தான்னா நேரே செக்ரட்டரி மேசையிலே கொண்டு வெச்சிருப்பேன். ஆறு மாசம் வரைக்கும் நீட்டறதுக்கு அவருக்கே பவர் உண்டே. ஒரு வரி எழுதி ஒப்புப் போட்டா தீர்ந்தது காரியம்."

"தந்தாரே, என்கிட்டே தந்தாரே," என்றேன்.

"நீ என்ன பண்ணினே?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவருக்கு மனசிலாகிவிட்டது. மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டு, "போகட்டும், விடு. நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே," என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்குப் புறப்பட்டவரிடம் இதைச் சொல்லவே இல்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. ஜீப்பில் ஏறும்போது அவர்தான் என்னைக் கேட்டார்: "பத்து மாதம் ஆனதும் நீங்கள் போய்ப் பார்த்து எனக்கு எழுதுவீர்களா, மிஸ்? மூன்றாவது கட்டைப் பற்றி மட்டும் போதும்." அதுவரைக்கும் ஊர்க்காரர்களைக் காத்திருக்கச் சொல்வேன் என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

போனேன். இந்தத் தடவை ஜீப் இல்லை, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் போனேன். சேச்சியே இறங்கி மூன்று கட்டுகளையும் எடுத்துக் கரையில் போட்டாள். முதல் இரண்டும் நன்றாக இருந்தன. நடுவில் போட்டது அவர்களுடைய மட்டைக்கு ஒரு குறைச்சலுமில்லாமல் பிரிந்தது. மூன்றாவதை அவள் கட்டையால் அடித்தாள். மறுபடி அடித்தாள். பிறகு அரிவாளால் பிளந்து காட்டினாள். வெளியே கறுத்துப்போயிருந்தது, உள்ளே விறகு.

"இது நாராவாது மோளே," என்றாள். நாராக ஆகாது என்று. "இனி பத்து மாசம் கிடந்தாலும் ஆவாது. அந்த சாரினோடு வேகம் எழுதிச் சொல்லு."

அன்றே எழுதினேன். தூதரகமும் டெல்லியும் நாசமாய்ப் போகட்டும் என்று, கிழக்கேகோட்டைத் தபாலாபீசில் நின்றபடியே எழுதி, அவர் பெயருக்கு நேராக அனுப்பினேன். உப்புத் தண்ணீரில் போடவேண்டாம், வேறு தண்ணீர் பாருங்கள் என்று இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். என் உடல்நலம், அம்மாவின் உடல்நலம், சேச்சியின் உடல்நலம் எல்லாம் விசாரித்திருந்தார். பிறகு எழுதியிருந்தார்: திருவனந்தபுரத்திலிருந்து தகவல் வரும் வரை பொறுக்கலாம் என்று அவர் சொன்னபோது, பயிற்சி முடித்ததற்குச் சான்றிதழ் இருக்கிறதே, இன்னும் என்ன தகவல் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். அவர்களுடைய மந்திரி வந்து முதல் மட்டையைக் கழியில் இறக்கினாராம். கிராமத்தின் அந்தப் பருவத்து மட்டை முழுவதும் இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. வேறு தண்ணீர் அவர் ஊரில் இல்லை.

'பெண்கள் தினமும் கரைக்கு வந்து எப்போது என்று கேட்கிறார்கள். சேச்சி சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிள்ளை பிறக்கிற காலம் என்று. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உங்கள் கடிதம் என் பையில்தான் இருக்கிறது. அவர்களிடம் சொல்ல என்னால் முடியவில்லை. என் அம்மாவும் போட்டிருக்கிறாள்.'

பதில் எழுத உட்கார்ந்தேன். பல நாள் உட்கார்ந்தேன். ஊறாது என்று தெரிந்துகொண்டே ஊர் முகத்தைப் பார்த்து ஐந்து மாதம் நடமாடும் மனிதனுக்கு என்ன எழுதுவது? செயலாளரின் அதிகாரத்தைப் பற்றி எழுதுவதா? எழுதவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, அதே நாட்டிலிருந்து புதிய ஓர் ஆளை அனுப்புவதாக டெல்லி வழியாகக் கோப்பு வந்தது. சூப்பரின்டென்டென்டிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், இவருக்காவது மொதல்லேயே ஒரு வருஷம்னு போட்டுடலாமே. அங்கே தண்ணி வேறே சார். இங்கே பார்த்துட்டுப் போய் அங்கே செஞ்சா நடக்காது."

"ஸ்கீமிலே ஆறு மாசம்னா ஆறு மாசம்தான், குட்டீ."

"அப்போ வந்தப்பறம் செக்ரட்டரிகிட்டே எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கலாமா?"

"அந்தப் பவரை எடுத்துட்டாளே, நோக்குத் தெரியாதோ? எல்லாம் இப்போ டெல்லிதான்." கோப்பைப் புரட்டினார். "தண்ணியும் இல்லே ஒண்ணும் இல்லே. போன ஆள் சரியில்லை, அவாளே எழுதியிருக்கா பாரு."

பார்த்தேன். கயிற்று நிலையம் மூடப்பட்டதற்கு அவர்களுடைய அமைச்சகம் காரணம் எழுதியிருந்தது: அதிகாரி பயிற்சியில் போதிய அக்கறை காட்டவில்லை, ஆகவே பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அதற்கு ஆதாரமாக எங்கள் ஆபீஸ் அனுப்பிய இறுதி அறிக்கையின் நகலை இணைத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் கோடு போட்டிருந்தது. 'பயிற்சியாளர் அடிக்கடி வகுப்புக்கு வராமல் இருந்தார்.'

காயலுக்குப் போன நாட்கள். மையத்தின் வருகைப் பதிவேட்டில் அவை ஆப்சென்ட்.

பக்கத்தின் அடியில், இடது ஓரத்தில், டைப் அடித்தவரின் முதலெழுத்துகள் இருந்தன. என்னுடையவை. அவர் ஊருக்குப் போன வாரத்தில் அடித்திருக்கிறேன். படித்துக்கொண்டே அடித்தால் வேகம் வராது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் வேகமாக அடிப்பவள் என்று ஆபீசில் பெயர் வாங்கியவள்.

"என்ன நின்னுண்டே இருக்கே? இன்னைக்குத் தபாலுக்குப் போகணுமாக்கும்," என்றார் சூப்பரின்டென்டென்ட்.

மேசைக்குத் திரும்பி வந்து, புதியவருக்கான கடிதத்தை அடித்தேன். ஆறு மாதம் என்றுதான் அடித்தேன்.